பதினோரு இடத்தில் அக்கா

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை ‘வசனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘வசனம் வந்தாச்சா?’, ‘வசனத்தைக் கேளு’, ‘வசனம் சாப்பிடப் போயிருக்கு’. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் பேச்சு எழுதுவது அவள் வேலை. திரையில் இருப்பவரின் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து, அந்த அளவுக்குள் தமிழை மடித்து வைக்க வேண்டும். வாய் பொருந்தாவிட்டால் ஒலிப்பதிவாளர் திருப்பி அனுப்புவார். அர்த்தம் கொஞ்சம் நகர்ந்திருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ‘கருவெளிக் கப்பல்’ என்ற தொடர் அவள் மேஜைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக விண்வெளியிலேயே வாழும் ஒரு கூட்டம், அவர்களுடைய கப்பல், அதன் கேப்டன். நான்காவது அத்தியாயத்தில் கேப்டன் ஒரு பழுதான விளக்கைத் தட்டிவிட்டு, தன் உடன்பிறந்தவள் இதைப் பார்த்தால் சிரிப்பாள் என்று சொல்கிறான். அந்த மொழியில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சொல்தான். மூத்தவளா இளையவளா என்று அவர்கள் சொல்லத் தேவையில்லை. தமிழில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

விநியோகஸ்தருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டாள். பதில் இல்லை. மறுநாள் பத்து மணிக்கு ஒலிப்பதிவு. கேப்டனின் உதடு அந்த இடத்தில் இரண்டு அசைவு போட்டு, நன்றாகத் திறந்து முடிந்தது. ‘தங்கச்சி’ என்றால் நீண்டுவிடும், கடைசியில் வாய் ஒடுங்கும். ‘அக்கா’ அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. “எங்க அக்கா பார்த்தா சிரிப்பா” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாம் பருவத்தில் அவளுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. கப்பல் சபையின் கிழவர் ஒருவர் சட்டம் சொல்கிறார்: கப்பல் தலைப்பிள்ளைக்கே சேரும். ஆணோ பெண்ணோ, முதலில் பிறந்தவரே கேப்டன். அந்த வரியை எழுதும்போது அவள் கை நின்றது. அக்கா ஒருத்தி இருக்கும்போது இவன் எப்படித் தலைப்பிள்ளை ஆவான்? எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். போன பருவத்தில் ஒரு தடவை வந்த பேச்சு, யாருக்கு நினைவிருக்கப் போகிறது என்று தன்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டு மீதியை முடித்தாள்.

எல்லோருக்கும் நினைவிருந்தது.

இணையத்தில் அந்தத் தொடருக்கு ஒரு ரசிகர் குழு இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் சும்மா எட்டிப் பார்த்தவள், சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்துவிட்டாள். நூற்றுக்கணக்கானவர்கள் அக்காவைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அக்காவை ஏமாற்றிக் கப்பலைப் பிடுங்கிக்கொண்டான் என்றது ஒரு கட்சி. அக்காவே மனம் உவந்து விட்டுக்கொடுத்தாள் என்றது இன்னொரு கட்சி. முகமூடி போட்டுக்கொண்டு எதிரிப் படையை நடத்துகிற தளபதிதான் அக்கா என்று ஒருவர் தளபதியின் கைவிரல் நீளத்தை அளந்து படம் போட்டிருந்தார். கூடப்பிறந்த அக்கா என்று யார் சொன்னது, பக்கத்து அறை அக்காவாகவும் இருக்கலாமே என்று ஒருவர் கேட்க, அவரை எல்லோரும் சேர்ந்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்கள்.

தொடரின் சொந்த மொழிக்காரர்களின் குழுக்களையும் தேடிப் பார்த்தாள். அங்கே இந்தப் பேச்சே இல்லை. அவர்களுக்கு அவள் கேப்டனின் உடன்பிறந்தவள், அவ்வளவுதான். திரைக்கே வராத ஒருத்திக்காகத் தமிழில் மட்டும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அவளும் ‘ஓரமாநிக்கிறவ’ என்ற பெயரில் குழுவில் சேர்ந்தாள். எதுவும் எழுதவில்லை. பேருந்தில் வாசித்தாள், குக்கர் சத்தம் போடும்போது வாசித்தாள், ஒலிப்பதிவாளர் கம்பிகளை மாற்றுகிற இடைவெளியில் வாசித்தாள். முதல் பருவத்துக்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் கேப்டன் இரண்டு மூன்று முறை உடன்பிறந்தவளைப் பற்றிப் பேசினான். இப்போது மாற்றினால் அசிங்கம் என்று அவளும் அக்கா என்றே எழுதிப் போனாள். ஐந்து பருவத்தில் பதினோரு இடம். ஒவ்வொரு இடமும் குழுவில் ஒரு மாதச் சண்டைக்குத் தீனி.

அந்தக் குழுவில் ‘தகரடப்பா’ என்ற பெயரில் அவள் ஊர்க்காரரே ஒருவர் எழுதினார். ‘மூத்தவள்’ என்ற தலைப்பில் முப்பத்தேழு பகுதிகள். மற்றவர்கள் கத்தும் இடத்தில் அவர் நிதானமாக எழுதுவார். அக்கா அந்தக் கப்பலின் அடித்தளத்தில்தான் இருக்கிறாள், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான், மேலே நின்று கட்டளை போடுவது தம்பி என்பது அவர் கணிப்பு. “கப்பல் ஓடுகிறதே, யாரால் ஓடுகிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?” என்று ஒரு பகுதியை முடித்திருந்தார். வசனம் அதை மூன்று தடவை வாசித்தாள். அன்று முழுக்க நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. தான் வாய் அசைவுக்காகப் போட்ட சொல்லின் மேல் யாரோ மாடி கட்டி, மாடிக்கு மேல் மாடி கட்டிக் குடியேறியிருக்கிறார்கள்.

கடைசிப் பருவத்தின் எட்டு அத்தியாயங்களும் ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. ஆறாவதில் அந்த இடம் இருந்தது. உடைந்த கப்பலில், காயம்பட்ட விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து கேப்டன் பேசுகிறான். “அவ பொறந்தப்போ எனக்கு ஒன்பது வயசு. குழாய் வெடிச்சு எல்லாரும் அடைக்க ஓடிட்டாங்க. பிள்ளையை என் கையில கொடுத்துட்டாங்க. அபாயச் சங்கு நிக்கிற வரைக்கும் பன்னிரண்டு நடைபாதையும் அவளைத் தூக்கிட்டே நடந்தேன்.”

தங்கை. சந்தேகமே இல்லாமல் தங்கை.

அன்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தொடர் எதையும் பார்த்ததில்லை.

“ஏங்க, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை தப்பாப் போட்டுட்டேன்.”

“அதனால யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்ல.”

“நடுவுல மாட்டிக்கிட்டு யாராவது கத்தினாங்களா?”

“கத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆயிரக்கணக்குல.”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை நிறுத்தினார். “அப்ப போய்க் கதவைத் திறந்துவிடு. வேற என்ன பண்ண முடியும்?”

ஸ்டுடியோ மேலாளருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “ஏம்மா, அந்தப் பொண்ணு திரையில வருதா?”

“வரல சார். கடைசி வரைக்கும் வரல.”

“அப்புறம் என்ன? திருப்பிப் போடு. இவன் பொறந்தப்போ அவளுக்கு ஒன்பது வயசு. அவ இவனைத் தூக்கிட்டு நடந்தா. கதை கந்தலாகாது, நம்ம மானமும் போகாது.”

திருப்பிப் போட்டாள். பயப்படும் அளவுக்குச் சுலபமாக வந்தது. “நான் பொறந்தப்போ அவளுக்கு ஒன்பது வயசு… என்னைத் தூக்கிட்டே நடந்தாளாம்.” குழுக்காரர்கள் கொண்டாடுவார்கள். தகரடப்பா முப்பத்தெட்டாம் பகுதி எழுதுவார்.

கேப்டனுக்குக் குரல் கொடுப்பவரை எல்லோரும் ‘கட்டைக்குரல்’ என்பார்கள். ஐம்பது தாண்டியவர், கண்ணாடிக் கூண்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். அந்த வரியை ஒத்திகைக்காக ஒருமுறை பேசினார். நிறுத்தினார். மறுபடி பேசினார். ஒலிவாங்கியை விட்டுத் தள்ளி நின்றார்.

“வசனம், இது ஒட்டலையே.”

“உதடு சரியா இருக்கே சார்.”

“உதடு இருக்கு. ஆள் இல்ல. ‘நடந்தாளாம்’னா யாரோ சொல்லிக் கேட்டது. இவன் கேட்டதைச் சொல்ற மாதிரியா இருக்கான்? கையைப் பாரும்மா.”

ஒலிப்பதிவாளர் காட்சியைப் பின்னால் ஓட்டினார். திரையில் கேப்டனின் இடது கை, அவனுக்கே தெரியாமல், ஒரு பச்சைப் பிள்ளையின் தலையைத் தாங்குவது போல வளைந்திருந்தது. கூண்டுக்குள் கட்டைக்குரலின் கையும் அப்படியே வளைந்திருந்தது.

“தூக்கிட்டு நடந்தவன் இவன்தான்,” என்றார் அவர். “எனக்கு ரெண்டு பேத்தி இருக்காளுங்க. எனக்குத் தெரியும்.”

அவள் எல்லாவற்றையும் அவரிடமும் ஒலிப்பதிவாளரிடமும் சொல்லிவிட்டாள். கட்டைக்குரல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “அஞ்சு வருஷமா தங்கச்சியைப் போய் அக்கான்னு கூப்பிட்டிருக்கேனா? அந்தப் பொண்ணு என்ன நினைச்சிருக்கும்?” என்றார். பதிவு இரண்டு நாள் தள்ளிப்போனது.

அன்று மாலைக்குள் அவள் நான்கு தடவை எழுதி அழித்து, கடைசியில் தகரடப்பாவுக்குத் தனிச்செய்தி அனுப்பினாள். “தமிழில் வசனம் எழுதுவது நான்தான். மூத்தவளைப் பற்றி உங்களிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டும்.” பத்து நிமிடத்தில் பதில் வந்தது: நாளை ஒரு மணி, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை. கடையில் நீலச் சட்டை போட்ட ஆளைத் தேடவும்.

நீலச் சட்டை ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகளில் செம்புக் கம்பி அறுத்த கோடுகள், நகக்கண்ணில் வார்னிஷ் கறை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை என்றாள். அவர் அவர் என்று இத்தனை நாள் மனதுக்குள் ஓர் ஆணை உட்கார்த்தி வைத்திருந்த வசனத்துக்கு வெட்கமாகப் போனது.

“என்னை ஆம்பளைன்னு நினைச்சீங்களா?” என்று கேட்டாள் தகரடப்பா. “குழுவுல எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடறாங்க. நானும் திருத்தல. சொல்லுங்க, அக்கா வர்றாளா கடைசில?”

வசனம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஒரே சொல், பதில் வராத மின்னஞ்சல், பத்து மணிப் பதிவு, திறந்து முடிந்த வாய். வெளியே சொல்லக் கூடாத ஆறாம் அத்தியாயத்தையும் சொன்னாள். தகரடப்பா டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வாய் திறந்து முடியணும்கறதுக்காகவா?”

“ஆமாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தகரடப்பா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. டம்ளரை நகர்த்தினாள், திரும்ப இழுத்தாள். “முப்பத்தேழு பகுதி எழுதியிருக்கேன் நான்.”

“எல்லாத்தையும் படிச்சிருக்கேன்.”

“அப்பா பட்டறை அது. பதினாறு வயசுல அவர் பக்கத்துல உக்காந்து சுத்தக் கத்துக்கிட்டேன். தம்பி அப்ப மூக்கொழுகிட்டு நின்னான். அப்பாவுக்கு அப்புறம் அவன் முன்னாடி நிக்கிறான், நான் உள்ள இருக்கேன். அவன் கெட்டவன் இல்ல. மோட்டார் கொண்டு வர்றவங்க அவனைத்தான் பாப்பாங்க, அவன்கிட்டதான் நன்றி சொல்வாங்க. எந்த மோட்டாரை நான் சுத்தினேன்னு மோட்டாருக்குத்தான் தெரியும்.” சொல்லிவிட்டு வெளியே போகிற பேருந்தைப் பார்த்தாள். “கேப்டனுக்கு ஒரு அக்கா இருக்கான்னு மொதல் தடவை கேட்டப்போ, சுத்திக்கிட்டிருந்த கம்பியை விட்டுட்டேன். யாரோ என்னைப் பாத்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சு.”

வசனம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நேற்று முழுதும் தன்னை உருட்டிய யோசனை தானாக வாயில் வந்தது. “நான் அக்காவாவே வெச்சிடறேங்க. மேலாளரும் அதைத்தான் சொல்றார். திருப்பி எழுதியும் வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது.”

தகரடப்பாவின் முகம் சட்டென்று இறுகியது.

“எனக்குத் தெரியுமே.”

“இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“நீங்க சொல்லாம இருந்திருந்தா சரி. இப்ப எங்கிட்ட சொல்லிட்டு, பாவம்னு எனக்காக ஒரு பொய்யை எழுதுவீங்க. நான் அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்.” குரல் உயர்ந்துவிட்டதால் பக்கத்து மேஜைக்காரர் திரும்பினார். அவள் கவலைப்படவில்லை. “அந்தத் தங்கச்சி என்ன பண்ணிச்சு உங்களுக்கு? அவளைத் தூக்கிட்டு ஒருத்தன் நடந்திருக்கான். அதை அவகிட்டேருந்து பிடுங்கி எங்கிட்ட கொடுப்பீங்களா?”

வசனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வேற ஏதாவது கேக்கணுமா?” என்றாள் தகரடப்பா, எழுந்தபடி.

“உங்க தம்பி இதையெல்லாம் படிச்சிருக்காரா?”

“அவனா? அவனுக்குத் தகரடப்பா யாருன்னே தெரியாது.” சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடினாள், எதுவும் எடுக்கவில்லை. “அவன்கிட்ட பேச வேண்டியதைப் பூரா குழுவுல கொட்டியிருக்கேன். அதுதான் இப்ப உறைக்குது.”

டீ அப்படியே இருந்தது.

மறுநாள் காலை வசனம் மேலாளர் அறைக்குப் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. ஆறாம் அத்தியாயம் உள்ளபடியே போகும் என்றாள். பழைய பதினோரு இடத்தையும் மாற்றிப் பதிய வேண்டும் என்றாள். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

“வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்கம்மா. அஞ்சு வருஷமா தப்புன்னு நாமளே தண்டோரா போடணுமா?”

“என் பேரைப் போட்டுடுங்க சார். இதுவரைக்கும் எந்த அத்தியாயத்திலயும் வசனம் யாருன்னு போட்டதில்ல. இந்தத் தடவை போடுங்க. திட்டு நேரா எனக்கு வரட்டும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷத்தில் அவள் ஒருநாளும் இப்படி நின்று பேசியதில்லை. “அடுத்த தொடர் உனக்கு வரும்னு நான் உறுதி கொடுக்க முடியாது,” என்றார். அவள் சரி என்றாள்.

பதினோரு இடத்தை மாற்றுவது வாயால் சொல்வது போல இல்லை. கேப்டன் முகம் திருப்பியிருந்த மூன்று இடத்தில் ‘தங்கச்சி’ நிம்மதியாக உட்கார்ந்தது. மற்ற இடங்களில் உதடு எதிரே நின்று முறைத்தது. ‘பாப்பா’ என்று போட்டுப் பார்த்தார்கள். திறந்திருக்கும் வாயில் உதடு ஒட்டும் சத்தம் கேட்டது. ‘குட்டி’ என்றால் கடைசியில் வாய் ஒடுங்கியது. மதியம் வரை வார்த்தைகளை மாற்றி மாற்றி எல்லோருக்கும் எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது.

கட்டைக்குரல்தான் கூண்டுக்குள்ளிருந்து கேட்டார். “என் பெரிய பேத்தி அவ தங்கச்சியை ‘சின்னவ’ன்னுதான் கூப்பிடுவா. போட்டுப் பாப்போமா?”

“எங்க சின்னவ பார்த்தா சிரிப்பா.” கொஞ்சம் வேகமாகச் சொன்னதும் அளவுக்குள் அடங்கி, வாய் திறந்து முடிந்தது. ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பத்து இடம் முடிந்தது. பதினோராவது, மூன்றாம் பருவத்தின் ஓர் அத்தியாயம். அதன் மூல ஒலிக்கோப்பு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஒலிப்பதிவாளர் கையை விரித்தார். அந்த ஒன்று மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆறாம் அத்தியாயம் வெளியான அன்று குழு கொதித்தது. அத்தியாயத்தின் முடிவில் ஓடும் பட்டியலில் வசனத்தின் பெயர் வந்ததால் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூடவே அவளே ‘ஓரமாநிக்கிறவ’ என்ற பெயரில் முதல் தடவையாக எழுதி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். திட்டினார்கள். இரண்டாம் வகுப்பு வாத்தியாரிடம் போய்த் தமிழ் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒருவர் அவளைப் பற்றியே எட்டுப் பகுதி எழுதப்போவதாக மிரட்டினார். முதல் மூன்று நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை; ஒவ்வொரு சத்தத்துக்கும் கைபேசியைப் பாய்ந்து எடுத்தாள். நான்காம் நாள் யாரோ அந்தப் பதினோராவது இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து இடத்தில் தங்கை, ஓர் இடத்தில் அக்கா. அப்படியானால் இரண்டு பேர் இருக்கிறார்கள்! தங்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிற கேப்டன், அக்காவை ஒரே ஒரு தடவை வாய்தவறி உளறிவிட்டான்! எழுதியவளே தப்பு என்கிறாளே என்று ஒருவர் கேட்டதற்கு, அவளை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அவளை விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

மேலாளர் அடுத்த விண்வெளித் தொடரை வேறொருவருக்குக் கொடுத்தார். அவளுக்குச் சமையல் நிகழ்ச்சி ஒன்று வந்தது. அதில் அக்கா தங்கை யாரும் இல்லை, வெங்காயம்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

தகரடப்பா குழுவில் ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு விலகிவிட்டாள். “முப்பத்தேழு பகுதியும் தப்பு. எழுதியதற்கு வருத்தமில்லை. நான் அண்ணன் இல்லை, அக்கா.” அதற்குப் பிறகு ஆறு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அந்த ஆறு வாரமும் வசனத்துக்கு ஒரு வேலையிலும் மனம் ஒட்டவில்லை. தான் அவளிடம் சொன்னது சரியா, சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று நடந்தபடியே யோசித்தாள், உட்கார்ந்தால் எழுந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பின்னால் மோட்டார் உறுமியது.

“நல்லா இருந்துச்சு,” என்றாள் தகரடப்பா, எடுத்த எடுப்பில். “அந்தப் பன்னிரண்டு நடைபாதை. ரெண்டு தடவை பாத்தேன். உங்க மேல இருந்த கோவம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, அது வேற.”

“இருக்கட்டும். நீங்க எப்படி இருக்கீங்க? தம்பிகிட்ட பேசினீங்களா?”

“பேசினேன். உனக்கு உள்ள இருக்கறதுதான் பிடிக்கும்னு நினைச்சேன்னு சொல்றான். அப்படி நான் எப்பவாவது சொன்னேனான்னு கேட்டேன். நீ எப்பவாவது வேணாம்னு சொன்னியான்னு அவன் கேக்கறான். தினமும் சண்டை. நேத்து சாப்பாட்டை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.”

“ஐயோ.”

“என்ன ஐயோ? சண்டை நல்லாப் போயிட்டிருக்கு. மொதல்ல உள்ள இருந்து கத்திக்கிட்டிருந்தேன். இப்ப மேஜையை இழுத்து முன்பக்கத்துல போட்டுட்டேன், இங்க உக்காந்து கத்தறேன்.” சொல்லும்போதே குரல் தொலைபேசியை விட்டு நகர்ந்தது. “ஒரு நிமிஷம் இருங்க, யாரோ வர்றாங்க.”

வசனம் காத்திருந்தாள். மறுமுனையில் கனமான எதுவோ மேஜை மேல் இறங்கும் சத்தம் கேட்டது. தம்பி இல்லையா என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

“எங்கிட்ட சொல்லுங்க,” என்றாள் தகரடப்பா. “கருகின வாடை வருதே, எத்தனை நாளா சூடாகுது?”

அந்த ஆள் சொல்லத் தொடங்கினார். வசனம் இணைப்பைத் துண்டிக்காமல், வெங்காயத்தை அப்படியே திரையில் நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தாள்.